பி.எஸ்சி. வழியாகவும் பி.இ. போகலாம்

ப்ளஸ் டூ கட்-ஆஃப் குறைந்தால் இன்ஜினீயரிங் கனவு முடிந்தது என்று காஞ்சிபுரத்தில் பல வீடுகள் முடிவு கட்டிவிடுகின்றன. பிள்ளை கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தால் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரிக்கிறார்கள். இது தேவையே இல்லாத வருத்தம்.

அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் முடித்து, 1955இல் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படிக்கப் போனார். எழுத்தாளர் சுஜாதாவும் அதே கல்லூரியில் அதே இயற்பியல் படித்துவிட்டு, எம்.ஐ.டி.யில் மின்னணுவியலுக்குப் போனவர். சி.ராஜம் 1949இல் தொடங்கிய அந்த நிறுவனம், அன்று பி.எஸ்சி. பட்டதாரிகளைச் சேர்த்துத்தான் மூன்றாண்டுகளில் பொறியாளர்களாக்கியது. கலாமின் சேர்க்கைக் கட்டணத்துக்காக அவருடைய அக்கா ஜோஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளுக்கு இந்தச் சங்கதியை விளக்க வேண்டியதில்லை.

அந்த வீடுகளில் நெய்யும் கோர்வைச் சேலைக்கு உடலும் கரையும் வேறு வேறு நிறம். கரைக்கு நாடா போட இரண்டாவது ஆள் வேண்டும். பல வீடுகளில் அது பிள்ளைகள்தான். பிள்ளை வெளியூர் விடுதிக்குப் போனால் கட்டணமும் சேரும், தறியில் ஒரு கையும் குறையும். இந்த ஊரிலோ 1947 முதல் பச்சையப்பன் கல்லூரி இருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வந்து கணிதமோ இயற்பியலோ படிக்கலாம். மூன்று வருடம் நுண்கணிதமும் ஆய்வகமும் பழகியவர், பதினேழு வயதில் திணறிய பாடத்தை இருபது வயதில் நிதானமாக எதிர்கொள்வார். ஆறு வருடம் ஆகிறதே என்பார்கள். ஆகட்டும், பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக் வழியாக பி.இ. போகிறவருக்கும் ஆறு வருடம்தான்.

இன்றைக்கு இதற்கான வழி, நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை. டிப்ளமோ முடித்தவர்களோடு பி.எஸ்சி. பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். முதலாண்டுப் பாடங்களான பொறியியல் வரைபடத்தையும் பொறியியல் இயக்கவியலையும் சேர்த்து எழுதித் தேற வேண்டியிருக்கும். வரைபடம் கொஞ்சம் படுத்தும். கடைசி வருட விடுமுறையிலேயே பழக ஆரம்பிப்பது நல்லது.

என் கவலையெல்லாம் வேறு. பி.எஸ்சி. பட்டம் இருந்தாலும், ப்ளஸ் டூவில் கணிதம் படித்திருந்தால்தான் இந்தக் கதவு திறக்கும். பதினொன்றாம் வகுப்பில் "கணக்கு கஷ்டம், மார்க் வராது" என்று பயந்து வேறு குரூப்புக்குப் போகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது தெரியாது. தறியில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும் யாரும் சொல்வதில்லை. ப்ளஸ் டூவில் கணிதம் இல்லாமலே கணினிப் பட்டப்படிப்புகளில் இடம் தரும் கல்லூரிகள் உண்டு. அங்கே மூன்று வருடம் நன்றாகப் படித்து, முதல் வகுப்பும் வாங்கி, பி.இ.க்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் அந்தப் பிள்ளைக்கு விஷயமே தெரியவருகிறது. அறிவுக்குக் குறைவில்லை, உழைப்புக்குக் குறைவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் எடுத்த குரூப் மறித்துக்கொண்டு நிற்கிறது.

பத்தாம் வகுப்பு முடிவு வரும் வாரத்தில், குரூப் கேட்கும் படிவத்தை நிரப்புவதற்கு முன்பே, ஆசிரியர்கள் பெற்றோரைக் கூப்பிட்டு இந்த ஒரு விதியைச் சொல்லிவிட வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் அறிவிப்புப் பலகையிலும் இதை எழுதி வைக்கலாம்.