மைசூரு டவுன் பஸ்ஸை ஓட்டுவது யார்?

ராமானுஜர் பல்லாண்டு தங்கியிருந்த மேல்கோட்டைக்கு, வைரமுடி சேவை பார்க்க மைசூரு வழியாகப் போகும் தமிழர்கள் உண்டு. மைசூருவிலிருந்து சுமார் 50 கி.மீ. மைசூருவில் சாமுண்டி மலைக்கு ஏறும் டவுன் பஸ்ஸும், பாண்டவபுரம் வட்டத்தில் உள்ள மேல்கோட்டைக்குப் போகும் வெளியூர் பஸ்ஸும் ஒரே நிறுவனத்தின் வண்டிகள்தான்: கர்நாடக மாநில சாலைப் போக்குவரத்துக் கழகம், அதாவது கே.எஸ்.ஆர்.டி.சி.

தனிக் கழகம் ஏன் இல்லை?

1948இல் 120 பஸ்களுடன் அரசுத் துறையாகத் தொடங்கி, 1961இல் கழகமானது இது. 1997இல் பெங்களூரு நகரச் சேவையைப் பிரித்து பி.எம்.டி.சி. என்ற தனிக் கழகத்தை அமைத்தார்கள். மைசூரு தாய்க் கழகத்திடமே நின்றுவிட்டது. நம் ஊரில் சென்னைக்கு மட்டும் மாநகர் போக்குவரத்துக் கழகம் இருக்க, மதுரையிலும் கோவையிலும் ஒரே கழகம் டவுன் பஸ்ஸையும் வெளியூர் பஸ்ஸையும் ஓட்டுகிறதே, அதே ஏற்பாடுதான்.

இதில் லாபம் என்ன, நட்டம் என்ன?

டவுன் பஸ் தனியே நின்று கட்டணத்தில் மட்டும் பிழைப்பது கடினம். பெரிய கழகத்தின் பணிமனையும் பணியாளர்களும் அதைத் தாங்குகின்றன. ஆனால் நகரின் தேவை, கழகம் முழுவதற்குமான கணக்கில் ஒரு வரியாகிவிடுகிறது. எனினும் புதுமைக்குத் தடையில்லை: உலக வங்கி உதவியுடன் 2012இல் மைசூருவில் தொடங்கிய 'மித்ரா' திட்டம், பஸ் எங்கே வருகிறது என்பதை ஜி.பி.எஸ். வழியே கண்டறிந்து நிறுத்தத் திரைகளில் காட்டியது.

இலவசப் பயணம் யாருக்கு?

2023 ஜூன் 11 முதல் நடப்பில் உள்ள 'சக்தி' திட்டத்தில், கர்நாடகத்தில் வசிக்கும் பெண்கள் சாதாரண, எக்ஸ்பிரஸ் பஸ்களில் மாநிலத்துக்குள் இலவசமாகப் போகலாம். கண்டக்டர் பூஜ்யக் கட்டண டிக்கெட் தருவார். அந்தச் செலவை அரசு கழகத்துக்கு ஈடுகட்ட வேண்டும். சொகுசு பஸ்களுக்கும் மாநில எல்லை தாண்டும் பஸ்களுக்கும் இது பொருந்தாது. தமிழ்நாட்டு விடியல் பயணத் திட்டத்தில் முகவரி கேட்பதில்லை, கர்நாடகத்தில் கேட்பார்கள்.

ஆகவே மைசூருவில் குடியிருக்கும் தமிழ்ப் பெண்கள், கர்நாடக முகவரியுள்ள ஆதாரைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் டிக்கெட் வாங்கியே ஆக வேண்டும். மேல்கோட்டை பஸ், அரண்மனை அருகிலுள்ள டவுன் பஸ் நிலையத்தில் அல்ல, புறநகர் பஸ் நிலையத்தில் கிடைக்கும்.