கழிவகற்றும் பவுசர் ஏன் பழுதாகிறது?
மீள்குடியேறும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

நலன்புரி முகாமில் இருந்த காலத்தில், மலசலகூடக் குழிகளிலிருந்து கழிவை உறிஞ்சி எடுக்கும் பவுசரை நீங்கள் அடிக்கடி கண்டிருப்பீர்கள். பல குடும்பங்கள் ஒரே குழியைப் பாவித்ததால் அது இடைவிடாமல் வந்து போனது. அது இரண்டு நாள் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஊருக்குத் திரும்பிய பின் நிலைமை வேறு. வீட்டுக்கு வீடு தனி மலசலகூடம் அமைகிறது. குழி நிரம்பச் சில வருடங்கள் ஆகலாம். ஆனால் அது நிரம்பும்போது, பிரதேச சபையிடம் இருக்கும் ஒன்றிரண்டு பவுசர்களையே பல கிராமங்கள் நம்பியிருக்க வேண்டிவரும். அதுவும் பெரும்பாலும் மாரி காலத்தில், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படும். மழைக்கு நிலத்தடி நீர் உயர்ந்ததும் குழிக்குள் இருக்கும் நீர் மண்ணுக்குள் இறங்காது. பாதி நிரம்பியிருந்த குழியும் வழியத் தொடங்கும். அந்தக் கிழமையில் பவுசர் பழுதாகி நின்றால், கழிவு வளவுக்குள் பரவும், கிணற்றையும் சென்றடையும்.

பவுசர் பழுதானால் சாரதியையோ வீதியையோ குறை சொல்வது வழக்கம். அவையும் காரணங்கள்தான். ஆயினும் ஒரு பவுசர் எத்தனை வருடம் உழைக்கும் என்பது பெருமளவுக்கு அது செய்யப்பட்ட பட்டறையிலேயே முடிவாகிவிடுகிறது. நல்ல பவுசரையும் பலவீனமான பவுசரையும் வேறுபடுத்தி அறிய நீங்கள் பொறியியலாளராக இருக்கத் தேவையில்லை. உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் முன்னிலையில் ஒரு பவுசர் கையளிக்கப்படும்போதும், உங்கள் வீட்டுக் குழியை வெறுமையாக்க அது வரும்போதும் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பவுசர் எப்படி வேலை செய்கிறது?

எமது பிரதேசங்களில் லொறியில் பொருத்திய பவுசர்களும், உழவு இயந்திரத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய பவுசர்களும் பாவனையில் உள்ளன. ஒடுங்கிய ஒழுங்கைகளுக்குள் செல்ல இரண்டாவது வகையே வசதியானது. இரண்டும் வேலை செய்யும் முறை ஒன்றுதான்.

பவுசரின் பம்பி கழிவை நேரடியாக இழுப்பதில்லை. அது தாங்கிக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது. தாங்கிக்குள் காற்று குறைந்ததும், வெளியே உள்ள காற்றின் அழுத்தம் குழியில் உள்ள கழிவைக் குழாய் வழியாகத் தாங்கிக்குள் தள்ளிவிடுகிறது. குளிர்பானத்தை உறிஞ்சுகுழலால் குடிப்பதும் இவ்வாறுதான். உறிஞ்சுகுழலில் ஊசித்துளை இருந்தால் எவ்வளவு இழுத்தாலும் பானம் சரியாக ஏறாது. பவுசரிலும் அப்படித்தான்: எங்காவது காற்று உட்புகுந்தால் வேலை கெட்டுவிடும்.

காற்றை முழுவதும் அகற்ற முடிந்தாலும், வெளிக்காற்றின் அழுத்தத்தால் தண்ணீரை ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்துக்கே தள்ள முடியும். ஒழுக்கு உள்ள ஒரு பவுசர் அதில் 30 வீதத்தையே எட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் 3 மீற்றர் உயரத்துக்கே தண்ணீரை ஏற்ற முடியும். உங்கள் குழியின் ஆழம் 2 மீற்றர், தாங்கியின் வாய் நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரம் என்றால், அடியில் இருப்பது மேலே வந்து சேராது. தடித்த கழிவு தண்ணீரைவிடச் சிரமப்பட்டே ஏறும். எனவே அந்தப் பவுசர் மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு, அடியில் தங்கிய மண்டியை விட்டுவிட்டுப் போகும். நீங்கள் முழுக் கட்டணமும் செலுத்தியிருப்பீர்கள்; குழியோ சில மாதங்களிலேயே மீண்டும் நிரம்பிவிடும்.

தாங்கி

காற்று வெளியேற்றப்பட்ட தாங்கியை வெளிக்காற்று எல்லாப் பக்கங்களிலும் இருந்து அழுத்துகிறது. முழு வெற்றிடத்தில் இந்த அழுத்தம் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 10 தொன் பாரத்துக்குச் சமன். மெல்லிய தகட்டில் செய்த தாங்கி இதைத் தாங்காது உள்ளே நசுங்கிவிடும். அதனால் நல்ல தாங்கி உருளை வடிவில் இருக்கும். அதன் இரு முனைகளும் தட்டையாக இல்லாமல் வெளிப்புறம் குவிந்திருக்கும். உடலைச் சுற்றி வலுவூட்டும் வளையங்கள் பற்றவைக்கப்பட்டிருக்கும்.

தகடுகள் சேரும் இடங்களில் உள்ள வெல்டிங் வேலை அடுத்த முக்கிய விடயம். நல்ல வெல்டிங் கோடு இடைவெளியின்றி, ஒரே சீராக ஓடும். விட்டுவிட்டுப் பற்றவைத்து, இடைவெளிகளைப் பசை பூசி மறைத்து, மேலே பெயின்ற் அடித்திருந்தால், சில மாதக் குலுக்கலில் அந்த இடங்கள் வெடித்துக் காற்று புகத் தொடங்கும்.

உட்புறப் பூச்சை வெளியிலிருந்து காண முடியாது. மலக்கழிவிலிருந்து ஐதரசன் சல்பைட்டு என்னும் வாயு வெளிவருகிறது. அழுகிய முட்டை மணம் தருவது இதுவே. இந்த வாயு தாங்கியின் ஈரமான மேற்சுவரில் படிந்து அமிலமாக மாறி உருக்கை அரிக்கிறது. இதனால் கழிவு தொடாத மேற்பகுதியும் உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டையாகலாம். துருவை முற்றாக நீக்கிய பின் உட்புறம் எபொக்சி போன்ற பாதுகாப்புப் பூச்சு இடப்பட வேண்டும். வெளிப்புறம் பளபளப்பதை வைத்து உட்புறத்தை மதிப்பிட வேண்டாம்.

தாங்கிக்குள் அலைத்தடுப்புத் தகடுகள் இருப்பதும் அவசியம். 3000 லீற்றர் கழிவின் நிறை சுமார் 3 தொன். பாதி நிரம்பிய தாங்கியில் இந்தப் பாரம் முன்னும் பின்னும் அலைந்தால், குண்டும் குழியுமான வீதியில் வண்டி புரளக்கூடும்.

பம்பி

பெரும்பாலான சிறிய பவுசர்களில் சுழலும் தகடுகள் கொண்ட வெற்றிடப் பம்பியே உள்ளது. இந்தத் தகடுகள் பம்பியின் உட்சுவரோடு உரசிச் சுழல்வதால் தொடர்ந்து ஒயில் கிடைக்க வேண்டும். ஒயில் வற்றினால் பம்பி சூடேறி, தகடுகள் விரைவில் தேய்ந்துவிடும்.

பம்பியின் பெரிய எதிரி கழிவேதான். தாங்கி நிரம்பி வழிந்து கழிவு பம்பிக்குள் போனால் தகடுகள் சிக்கி உடைந்துவிடும். இதைத் தடுக்க இரண்டு காவல்கள் வேண்டும். ஒன்று, தாங்கியின் உச்சியில் உள்ள மிதவைப் பந்து: தாங்கி நிரம்பியதும் அது மேலே எழுந்து பம்பிக்குச் செல்லும் வழியை அடைத்துவிடும். மற்றது, தாங்கிக்கும் பம்பிக்கும் இடையில் உள்ள சிறிய பொறிகலம்: தப்பி வரும் ஈரத்தையும் கழிவையும் அது பிடித்துக்கொள்ளும். மலிவாகச் செய்யப்படும் பவுசர்களில் முதலில் விடுபடுவது இந்தப் பொறிகலம்தான். மிச்சமாகும் பணம் சிறிது. பின்னர் பம்பியையே மாற்ற வேண்டிவரும்.

குழாயும் பொருத்திகளும்

உறிஞ்சு குழாய் சாதாரண தோட்டக் குழாய் போன்றது அல்ல. வெற்றிடத்தில் ஒட்டிப்போகாதிருக்க அதன் சுவருக்குள் விறைப்பான சுருள் இருக்க வேண்டும். குழாய்களை இணைக்கும் பொருத்திகளில் உள்ள இறப்பர் வளையங்கள் தேய்ந்தாலும் வெடித்தாலும் காற்று புகும். பவுசர் வேலை செய்யும்போது பொருத்தியில் “உஸ்” என்ற சத்தம் கேட்டால் ஒழுக்கு இருக்கிறது. இது சிறிய செலவில் திருத்தக்கூடிய பழுது. ஆனால் அந்த அளவு வளையம் எமது மாவட்டக் கடைகளில் கிடைக்காத ஒன்றாக இருந்தால், சிறிய பழுதுக்காக முழு வண்டியும் மாதக்கணக்கில் நிற்கும்.

தண்ணீர்ப் பவுசரை மாற்றிச் செய்தால் என்ன?

தண்ணீர்ப் பவுசர் ஒன்றில் பம்பி பொருத்திக் கழிவகற்றப் பயன்படுத்துவது மலிவான வழியாகத் தோன்றலாம். தண்ணீர்த் தாங்கி உள்ளிருந்து வரும் நீரின் பாரத்தைத் தாங்கவே செய்யப்படுகிறது. வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்கு அல்ல. அது நசுங்கும் ஆபத்து உண்டு.

இதைவிடப் பெரிய ஆபத்து மறுபக்கம் இருக்கிறது. கழிவு ஏற்றிய தாங்கியில், எவ்வளவு கழுவினாலும், ஒருபோதும் குடிநீர் ஏற்றக்கூடாது. கோடையில் கிணறுகள் வற்றிப் பவுசரில் குடிநீர் வழங்கப்படும் கிராமங்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். கழிவகற்றும் பவுசர் எது என்பது வண்டியின் இரு பக்கங்களிலும் பெரிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பவுசர் கையளிக்கப்படும்போது

நிறுவனங்கள் பிரதேச சபைக்குப் பவுசர் வழங்கும் வைபவத்துக்கு உங்கள் சங்கப் பிரதிநிதிகள் அழைக்கப்படலாம். மாலை போட்டுப் படம் எடுக்கும் முன் பின்வருவனவற்றைக் கேளுங்கள். இவற்றைக் கேட்பது யாரையும் அவமதிப்பதாகாது; பொது உடைமையைப் பாதுகாப்பதாகும்.

1. வால்வுகளை எல்லாம் மூடி, பம்பியை இயக்கி, அழுத்தமானியின் முள் ஏறிய பின் தாங்கியைப் பம்பியிலிருந்து பிரிக்கும் வால்வையும் மூடிப் பம்பியை நிறுத்தச் சொல்லுங்கள். பத்து நிமிடம் பாருங்கள். முள் அதே இடத்தில் நின்றால் தாங்கியில் ஒழுக்கு இல்லை. கண்முன்னே இறங்கினால் ஒழுக்கு உண்டு.
2. உண்மையான ஒரு குழியை வெறுமையாக்கிக் காட்டச் சொல்லுங்கள். தண்ணீரை உறிஞ்சிக் காட்டுவது போதாது.
3. மிதவைப் பந்தும் பொறிகலமும் எங்கே உள்ளன என்று காட்டச் சொல்லுங்கள்.
4. பம்பித் தகடுகள், இறப்பர் வளையங்கள், ஒயில் ஆகியவற்றை உள்ளூரில் எங்கே வாங்கலாம் என்று கேளுங்கள். மேலதிகமாக ஒரு தொகுதி வண்டியோடு தரப்படுகிறதா?
5. உத்தரவாதக் காலம் எவ்வளவு? பழுதானால் யார் வந்து திருத்துவார்? எழுத்தில் இருக்கிறதா?
6. கையேடு தமிழில் இருக்கிறதா? சாரதியும் உதவியாளரும் பயிற்சி பெற்றார்களா?

உங்கள் வீட்டுக்குப் பவுசர் வரும்போது

பவுசர் நன்றாக இருந்தாலும், குழிக்குள் போடப்படும் பொருட்கள் அதைக் கெடுக்கும். பொலித்தீன், துணி, குழந்தைகளின் அணையாடை, போத்தல் மூடி, மணல் ஆகியன குழாயை அடைக்கும். வால்வு முழுதாக மூடாமல் தடுக்கும். குழிக்குள் மலமும் சலமும் கழுவும் நீரும் மட்டுமே போக வேண்டும்.

குழியின் மூடி இலகுவாகத் திறக்கக்கூடியதாகவும், வண்டி நிற்கும் இடத்திலிருந்து குழாய் எட்டும் தூரத்திலும் இருக்கட்டும். இப்போது மலசலகூடம் கட்டுபவர்கள் இதை இப்போதே திட்டமிடலாம். கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தூரம் விடுவதும், குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு ஒன்றரை மீற்றராவது மேலே இருப்பதும் பொதுவாக அறிவுறுத்தப்படும் அளவுகள். சுண்ணாம்புக் கற்பாறை உள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டில் கழிவு நீர் பாறை வெடிப்புகள் வழியாக இன்னும் தூரம் செல்லக்கூடும். ஆகவே இடத்தைத் தெரிவு செய்யும் முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் ஒரு நீண்ட தடியைக் குழிக்குள் விட்டு, அடியில் மண்டி மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்த பின் கட்டணத்தைச் செலுத்திப் பற்றுச்சீட்டைப் பெறுங்கள். கழிவு எங்கே கொட்டப்படுகிறது என்றும் கேளுங்கள். குளக்கரையிலோ காட்டோரத்திலோ கொட்டப்படுவதாக அறிந்தால் பிரதேச சபைக்கோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ அறிவியுங்கள்.

கவனம்: எந்தக் காரணத்துக்காகவும் ஒருவரையும் குழிக்குள்ளோ பவுசர் தாங்கிக்குள்ளோ இறங்க விடாதீர்கள். குழாய் அடைத்தாலும், பொருள் தவறி விழுந்தாலும் இறங்கக்கூடாது. உள்ளே உள்ள வாயு சில நிமிடங்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. அளவு கூடும்போது அதன் மணம் மூக்குக்குத் தெரியாமல் போய்விடும். மணம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ண வேண்டாம். விழுந்தவரைக் காப்பாற்ற இறங்குபவரும் இறக்க நேரிடும். மூடி திறந்திருக்கும்போது பீடி, சிகரெட், விளக்கு எதையும் அருகில் கொண்டு செல்லாதீர்கள். சிறுவர்களைத் தூர நிறுத்துங்கள்.

பழுதைக் கண்டால் சொல்லுங்கள்

ஒழுகும் பொருத்தி, இறங்கும் அழுத்தமானி, தாங்கியில் தோன்றும் துருப்புள்ளி என்பவற்றை முதலில் காண்பது பெரும்பாலும் வண்டியின் அருகில் நிற்கும் வீட்டுக்காரரே. சாரதியிடம் சொல்லுங்கள், சங்கக் கூட்டத்தில் குறிப்பேட்டில் பதியச் செய்து பிரதேச சபைக்குக் கடிதம் அனுப்புங்கள். கோடையில் ஒரு இறப்பர் வளையத்தை மாற்றுவது ஒரு நாள் வேலை. அதே பழுது கார்த்திகை மழையில் வெளிப்பட்டால், காத்திருப்பது உங்கள் கிராமம் முழுவதுமாக இருக்கும்.