செவிலி போடாத ஊசி

விடியற்காலையில் ஒருவருக்கு நெஞ்சில் பாறாங்கல்லை ஏற்றி வைத்தாற்போல் வலிக்கிறது. உடல் வியர்த்துக் கொட்டுகிறது. 'வாயுக் கோளாறுதான்' என்று வீட்டில் சோடாவும் ஓமத்திரவமும் கொடுத்துப் பார்க்கிறார்கள். வலி நிற்காமல் போகவே அரசு சுகாதார நிலையத்துக்கு அழைத்து வந்து, "நர்சம்மா, ஒரு ஊசி போட்டுவிடுங்க" என்கிறார்கள். செவிலி ஊசியை எடுப்பதில்லை. ஏன் தெரியுமா?

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியின் உட்சுவரில் கொழுப்பு படிந்திருக்கும். அந்தப் படிவு வெடித்தால், அதன்மேல் இரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடும். இதுவே மாரடைப்பு. அடைப்புக்கு அப்பால் உள்ள தசை சிறிது சிறிதாக இறக்கத் தொடங்குகிறது. உறைந்த கட்டியைக் கரைக்க மருந்து உண்டு. ஆனால் அது நெஞ்சில் மட்டும் வேலை செய்வதில்லை. உடலெங்கும் இரத்தம் உறைவதைத் தடுக்கும். சற்றுமுன் இடுப்பில் ஊசி குத்தியிருந்தால், அந்தத் தசைக்குள் இரத்தம் கசிந்து கட்டிக்கொள்ளும். எனவே மருந்து தேவையென்றால் வாய்வழியாகவோ இரத்தக்குழாய் வழியாகவோதான் தரவேண்டும். ஊசி போடாத செவிலியைக் கடிந்துகொள்பவர்கள் இதை அறிவதில்லை.

அவர் சும்மா நிற்பதுமில்லை. நோயாளியை ஓரடிகூட நடக்க விடாமல் படுக்க வைக்கிறார்; நடந்தால் இதயத்தின் வேலை கூடும். பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்கவேண்டும். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, இடக்கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா, மலம் கறுத்துப் போனதுண்டா, முன்பு பக்கவாதம் வந்ததா என்று கேட்கிறார். இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தால் நாவின் அடியில் வைக்கும் மாத்திரையைத் தரமாட்டார். அது அழுத்தத்தை இன்னும் இறக்கிவிடும். முன்பெல்லாம் எல்லாருக்கும் ஆக்சிஜன் கொடுத்தார்கள். இரத்தத்தில் அது குறைந்திருந்தால் மட்டுமே பயன் என்று இப்போது தெரிந்திருக்கிறது.

தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகள் சிற்றூர்ச் சுகாதார நிலையங்களிலும் இருக்கின்றன. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வார்கள்; விரைவில் இரத்தத்தில் கலக்கும். இரத்தப்போக்கு உள்ளவருக்கு இதே மாத்திரை கேடு செய்யும் என்பதால்தான் அத்தனை கேள்விகள். வீட்டில் நீங்களே கொடுத்துப் பார்க்கும் மாத்திரை அல்ல இது.

கூடலூரை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பம் பள்ளத்தாக்கின் கோடியில், குமுளி மலைப்பாதைக்கு முன்னால் உள்ள ஊர். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 50 கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பெண்கள் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, ஏலத் தோட்ட வேலைக்கு மலைக்குப் போகிறவர்கள். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் சில சமயம் நெஞ்சுவலியே வராது. மூச்சு வாங்கும், தாங்கமுடியாத அசதி இருக்கும். மலையேறிய களைப்பென்று விட்டுவிட்டால் பொழுது போய்விடும். அத்தகைய நேரத்தில் 108ஐ அழையுங்கள்.

நோயாளியோடு வண்டியில் போகும் சீட்டில் செவிலி ஈ.சி.ஜி. எடுத்த நேரம், தந்த மாத்திரைகள், இரத்த அழுத்தம் எல்லாம் எழுதியிருப்பார். கட்டியைக் கரைப்பதா, குழாய் செலுத்தி அடைப்பை நீக்குவதா என்று முடிவு செய்யும் மருத்துவர் அதில் முதலில் தேடுவது, வலி தொடங்கிய மணியை.