கழுத்துச் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள்

எங்கள் தோட்டத்துப் பெண்மணி ஒருவர் காலையில் வேனில் வேலைக்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். சந்தியில் வேன் நின்றபோது, பின்னால் வந்த லாரி இடித்துவிட்டது. இரத்தமில்லை, எலும்பு முறிவுமில்லை. சம்பளம் போகுமே என்று கிராணியிடம்கூடச் சொல்லாமல், அன்று முழுவதும் உரம் போட்டுவிட்டே வீடு திரும்பினார். மறுநாள் விடியற்காலையில் பாயிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமற்போகவே, "லீவுக்காக நாடகமாடுகிறாள்" என்று லயத்தில் பேச்சு எழுந்தது. வீட்டுக்காரரும் அதை நம்பினார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

அது நாடகமல்ல. நம் தலை 4, 5 கிலோ கனமுள்ளது. பின்னாலிருந்து வண்டி இடித்தால் உடல் முன்னே தள்ளப்பட, தலை பின்னுக்குச் சாய்ந்து, உடனே முன்னுக்கு வீசப்படுகிறது. சாட்டையைச் சொடுக்குவது போலத்தான். ஆங்கிலத்தில் இதை 'விப்லாஷ்' என்பதும் அதனால்தான். கழுத்துச் சதையும் தசைநாரும் இழுபட்டுப் புண்ணாகின்றன. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், இந்தக் காயத்தைக் காட்டாது. வலி மறுநாள் தொடங்குவதும் உண்டு; தலைவலியும் தூக்கமின்மையும் கூடவே வரலாம்.

கைகால் மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீரை அடக்க முடியாமற்போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கழுத்தைத் திருகிச் சொடுக்கெடுப்பவரிடம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள்.

முன்பெல்லாம் வாரக்கணக்கில் கழுத்துப்பட்டை போட்டுப் படுத்திருக்கச் சொன்னார்கள். இப்போது பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை. அசையாத கழுத்து விறைத்துப்போகும். மருத்துவர் தந்த மாத்திரையைச் சாப்பிட்டு, வெந்நீர்த் துண்டால் ஒற்றடம் கொடுத்து, வலி பொறுக்கும் அளவுக்கு மெதுவாக வலமும் இடமும் திருப்பிப் பழக வேண்டும். வீட்டு வேலையையும் சிறிது சிறிதாகத் தொடங்கலாம். பெரும்பாலோர் சில வாரங்களிலோ இரண்டு மூன்று மாதங்களிலோ தேறிவிடுகிறார்கள். சிலருக்கு அதிக நாளாகும். செம்பனைக் குலை அறுக்கும் ஆண்களுக்கு நாளெல்லாம் அண்ணாந்து பார்ப்பதே தொழில். அவர்கள் அதற்குக் கடைசியாகத் திரும்பட்டும். அதுவரை இலகுவான வேலை கேளுங்கள்.

இன்னொன்று. வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. 1971இல் தொடங்கிய திட்டம் இது. எம்.சி. 4 நாளுக்குக் குறையாதிருந்தால், தினச் சம்பளத்தில் 80 விழுக்காட்டைக் கேட்டுப் பெறலாம். ஆகவே விபத்து நடந்த அன்றே கிராணியிடம் சொல்லிவிடுங்கள்.

அந்தப் பெண்மணி மூன்றாம் மாதம் வேலைக்குத் திரும்பினார். உரவாளியை மட்டும் இன்னும் பாதிதான் நிரப்புகிறார். வீட்டில் தண்ணீர் தூக்குவது இப்போது வீட்டுக்காரர்தானாம்.