ஜிபி போட்டவர் உங்கள் குழுவில் இருக்கிறாரா?

வாட்ஸ்அப்பில் ஆள் மாற்றி எதையோ அனுப்பிவிடுகிறோம். பதறியடித்து, எல்லோருக்கும் அழித்துவிடுகிறோம். 'இந்த மெசேஜை நீங்கள் அழித்துவிட்டீர்கள்' என்று திரையில் வந்த பிறகுதான் மூச்சே வருகிறது. அடுத்த நிமிடம் நண்பரிடமிருந்து பதில்: "மச்சி, நீ அழிச்சதைப் படிச்சுட்டேன்டா. நம்மகிட்ட ஜிபி இருக்குல்ல!"

இதில் மாயம் ஒன்றுமில்லை. அழிப்பது என்பது எதிராளியின் ஃபோனுக்குப் போகும் ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான். நிறுவனம் தரும் அசல் செயலி அதற்குக் கீழ்ப்படியும்; ஜிபி போல யாரோ பிரித்து மாற்றிக் கட்டிய செயலி கீழ்ப்படியாது. நீல டிக்கும் அப்படியே. 'படித்துவிட்டார்' என்ற தகவலைப் படித்தவரின் செயலிதான் அனுப்ப வேண்டும். அசல் செயலியிலும் அதை நிறுத்திவைக்கலாம். ஆனால் அடுத்தவர் படித்தாரா என்பதும் நமக்குத் தெரியாமல் போய்விடும். தான் மறைந்திருந்து மற்றவரைப் பார்க்க ஆசைப்படுபவருக்குத்தான் ஜிபி வேண்டியிருக்கிறது.

ஜிபி வாட்ஸ்அப், எஃப்எம் வாட்ஸ்அப், யோ வாட்ஸ்அப், வாட்ஸ்அப் பிளஸ் என்று இப்படி மாற்றிக் கட்டிய செயலிகளுக்குப் பெயர்கள் பல. ஏதோ ஒரு தளத்திலிருந்தோ டெலிகிராம் சேனலிலிருந்தோ ஏபிகே கோப்பாக இறக்கி, ஆண்ட்ராய்டு காட்டும் எச்சரிக்கையைத் தள்ளிவிட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். சில ஊர்களில் செல்ஃபோன் கடைப் பையனே போட்டுக் கொடுத்துவிடுகிறான்.

"வாட்ஸ்அப்தான் எல்லாவற்றையும் பூட்டி அனுப்புகிறதே?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 2016 முதல் எல்லா உரையாடல்களும் இருமுனைக் குறியாக்கத்தில்தான் போகின்றன. ஆனால் அந்தப் பாதுகாப்பு வழியில் மட்டும்தான். வந்து சேர்ந்த செய்தியைத் திறந்து எழுத்தாகக் காட்டுவது செயலி. அதுவே முன்பின் தெரியாத ஒருவரின் கைவேலை என்றால் குறியாக்கத்தால் என்ன பயன்? 200 பேர் இருக்கும் குழுவில் ஒருவர் ஜிபி போட்டிருந்தாலும், மற்ற 199 பேர் எழுதுவதும் அதன் வழியாகத்தான் அவருக்குத் திறக்கிறது.

இது வெறும் அச்சமல்ல. 2021 ஆகஸ்டில் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தினர் எஃப்எம் வாட்ஸ்அப்பின் ஒரு பதிப்பைப் பிரித்துப் பார்த்தபோது, விளம்பரம் காட்டுவதற்கான நிரல் தொகுப்போடு சேர்ந்து ட்ரையாடா என்ற தீநிரல் உள்ளே உட்கார்ந்திருந்தது. செயலியைத் திறந்ததும் அது ஃபோனின் அடையாள எண்களைத் திரட்டித் தன் சர்வருக்கு அனுப்பும். அங்கிருந்து வரும் இணைப்பைப் பிடித்து மேலும் தீநிரல்களை இறக்கும். அவற்றில் ஒரு வகை, ஃபோன்காரருக்குத் தெரியாமலே அவரைக் கட்டணச் சேவைகளில் சேர்த்துவிடும். அதற்கு உறுதிப்படுத்தும் குறியெண் எஸ்எம்எஸ்ஸில் வருமே என்றால், எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியை எஃப்எம் வாட்ஸ்அப் முதலிலேயே கேட்டு வாங்கியிருந்தது.

மறு ஆண்டு யோ வாட்ஸ்அப். அதன் ஒரு பதிப்பு, வாட்ஸ்அப் கணக்கைத் திறக்கும் சாவிகளையே திருடி வெளியே அனுப்பியது. அந்தச் சாவிகள் இருந்தால் உங்கள் ஃபோன் இல்லாமலே உங்கள் பெயரில் பேசலாம். இந்தப் பதிப்புக்கான விளம்பரம் வந்தது ஸ்னாப்டியூப் என்ற வீடியோ இறக்கும் செயலியில். நம்மூர்ப் பிள்ளைகளின் ஃபோன்களிலும் அது புழங்கியதுதான்.

2023இல் வெளிவந்தது இன்னும் மோசம். அரபி, அஜர்பைஜானி மொழி டெலிகிராம் சேனல்களில் சுற்றிய செயலிகளில் உளவு நிரலே இருந்தது. ஃபோனை ஆன் செய்தாலோ சார்ஜரில் செருகினாலோ அது விழித்துக்கொள்ளும். தொடர்பு எண்களின் பட்டியலை 5 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும். கட்டளை வந்தால் மைக்கைத் திறந்து ஒலிப்பதிவும் செய்யும். அந்தச் சேனல்களில் ஒன்றுக்கு ஏறக்குறைய 20 லட்சம் சந்தாதாரர்கள். அக்டோபர் மாதத்தில் மட்டும் 3 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாக்குதல்களைத் தடுத்ததாக காஸ்பர்ஸ்கி கணக்குச் சொன்னது. அந்தத் தொடர்பு எண் பட்டியலில் போனவை செயலியைப் போட்டவருடைய எண்கள் அல்ல. அவரை நம்பி எண் கொடுத்தவர்களுடையவை.

வாட்ஸ்அப் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2015 ஜனவரியிலேயே வாட்ஸ்அப் பிளஸ் வைத்திருந்தவர்களை 24 மணி நேரம் தடை செய்தது. இன்று பிடிவாதமாகத் தொடர்ந்தால் எண்ணே நிரந்தரமாக முடங்கலாம். என்றாலும் இதில் நிறுவனத்துக்கும் பங்குண்டு என்றே சொல்வேன். கடைக்கு ஒரு எண், வீட்டுக்கு ஒரு எண் வைத்திருக்கும் வியாபாரி ஜிபியைத் தேடிப் போனது திருட்டுத்தனத்துக்காக அல்ல. ஒரே செயலியில் இரண்டு கணக்கு என்ற எளிய வசதியைத் தர வாட்ஸ்அப்புக்கு 2023 அக்டோபர் ஆகிவிட்டது. இப்போது அந்தச் சாக்கும் போயிற்று.

விட நினைப்பவர் முதலில் அந்தச் செயலியை நீக்கிவிட்டு, பிளே ஸ்டோரிலிருந்து அசலை நிறுவ வேண்டும். இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலைத் திறந்து, தெரியாததை எல்லாம் வெளியேற்ற வேண்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான பின் எண்ணையும் போட்டுவிடுவது நல்லது. பழைய உரையாடல்கள் அப்படியே வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும்.

ஜிபி போடாதவர் செய்யக்கூடியது குறைவு. எதிரில் இருப்பவர் எந்தச் செயலியில் படிக்கிறார் என்று வாட்ஸ்அப் நமக்குக் காட்டுவதில்லை. ஆகவே குடியிருப்போர் குழுவிலோ பள்ளிப் பெற்றோர் குழுவிலோ ஆதார் நகலைப் போடச் சொன்னால், "நேரிலேயே கொண்டுவந்து தருகிறேன் சார்" என்று சொல்லிவிடுங்கள்.