நகம் வெட்டும் முன் பாதத்தைப் பாருங்கள்

வன்னியில் ஒரு தையல் வகுப்பு. பத்துப் பன்னிரண்டு பெண்கள் பாயில் அமர்ந்திருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் கால்களில் வந்து நின்றது. ஒருவர் கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டு, "பாக்காதேங்கோ அக்கா, வெடிச்சுப் போய்க் கிடக்கு" என்றார். 2009 இல் செருப்புமில்லாமல் முள்ளிவாய்க்கால் மணலில் நடந்து வந்த கால்கள். அதன் பின் வயலிலும் கச்சான் தோட்டத்திலும் நின்று மூன்று பிள்ளைகளைப் படிப்பித்த கால்கள்.

மெனிக்கியூர், பெடிக்கியூர் என்றதும் கொழும்பில் காசுள்ள பெண்கள் செய்கின்ற காரியம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது கழுவுதல், நகம் வெட்டுதல், உரஞ்சுதல், எண்ணெய் பூசுதல் ஆகிய நான்கு வேலைகள்தான். "இனி ஆருக்குக் காட்ட உதெல்லாம்?" என்று கணவனை இழந்த பெண்ணிடம் கேட்பவர்களும் எம்மிடையே உண்டு. கேட்கட்டும். குதிக்கால் வெடித்து இரத்தம் கசிந்தால் நோகப்போவது கேட்டவருக்கல்ல.

ஆனால் சகோதரிகளே, செய்யத் தெரியாமல் செய்தால் இதில் ஆபத்தும் உண்டு. என் அயலில் ஒரு அம்மா, குதிக்காலில் தடித்த தோலைச் சவர பிளேட்டால் சீவினார். சீவும்போது நோகவில்லை. நாலாம் நாள் கால் வீங்கி, வைத்தியசாலையில் ஒரு கிழமைக்கு மேல் கிடந்தார். அவருக்குச் சீனி வருத்தம் இருந்ததையே அங்குதான் கண்டுபிடித்தார்கள்.

ஆகையால் முதல் வேலை பார்ப்பது. நல்ல வெளிச்சத்தில் இருந்து விரல் இடுக்கு, நகத்தின் ஓரம், குதிக்கால் எல்லாவற்றையும் பாருங்கள். உள்ளங்கால் தெரியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு உங்கள் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, இரு கால்களிலும், விரல் நுனியால் மெதுவாகத் தொடச் சொல்லுங்கள். அழுத்தவோ தடவவோ கூடாது; தொட்டு எடுத்தால் போதும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இப்படி வரும். செல் துண்டு பட்டு நரம்பு அறுந்த கால்களிலும் உணர்ச்சி இல்லாமற் போகும். அப்படிப்பட்ட காலைத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டாம், கல்லால் உரஞ்சவும் வேண்டாம். கழுவி, துடைத்து, எண்ணெய் பூசினால் போதும். நகம் வெட்டுவதைக் கிளினிக்கில் கேட்டுச் செய்யுங்கள். தோலுக்குள் செல் துண்டு தட்டுப்படும் இடத்தையும் தழும்பையும் உரஞ்சாதீர்கள்.

ஒரு காலை இழந்த சகோதரிகளுக்கு மற்றக் கால் இரு மடங்கு வேலை செய்கிறது. அந்தக் காலை ஒவ்வொரு நாளும் பாருங்கள். செயற்கைக் கால் பூட்டும் இடத்தில் எண்ணெய் பூசுவதானால் இரவில், கழற்றி வைத்த பின்புதான். காலையில் பூசிவிட்டுப் பூட்டினால் வழுக்கும், தோலும் அவியும்.

இனிப் பொருட்கள். ஒரு பேசின், சவர்க்காரம், பழைய பற்தூரிகை, நகவெட்டி, நகம் தேய்க்கும் அட்டை அரம், துவாய், தேங்காயெண்ணெய். இவ்வளவும் போதும். நகவெட்டி ஆளுக்கொன்று இருப்பது நல்லது. வீட்டில் எல்லோருக்கும் ஒன்று, அயலுக்கும் அதுவே என்பதுதான் எங்கள் வழக்கம், அது சரியில்லை. கண்ணுக்குத் தெரியாத துளி இரத்தத்தில் இருக்கும் ஹெப்பரைட்டிஸ் பி கிருமி, காய்ந்த பின்பும் குறைந்தது ஏழு நாட்கள் உயிரோடு இருக்கக்கூடும். நகப் பூஞ்சணமும் இப்படித்தான் பரவுகிறது. பொதுவில் பாவிக்கத்தான் வேண்டுமென்றால் சவர்க்காரமும் தூரிகையும் கொண்டு தேய்த்துக் கழுவி, கொதிக்கும் நீரில் 20 நிமிடம் விட்டு, ஈரமில்லாமல் துடைத்து வையுங்கள். அட்டை அரத்தை அவிக்க முடியாது. அதை இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது. அழகுக்கலை பழகி நாலு பேருக்குச் செய்து உழைக்க நினைப்பவர்கள் இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசியுங்கள்.

இளஞ்சூட்டுத் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்து, கால்களைப் பத்து நிமிடம் வரை வைக்கலாம். கூட நேரம் ஊறினால் தோல் இன்னும் வரண்டு போகும். தேசிக்காய் பிழியும் பழக்கத்தை நான் விரும்புவதில்லை. வெடிப்பில் எரியும், அதோடு வெயிலுக்குப் போனால் தோல் வெந்து கறுப்பாகத் தழும்பு விழும். குதிக்காலை நுரைக்கல்லால் அல்லது காய்ந்த பீர்க்கங்கூட்டால் மெதுவாகத் தேயுங்கள். கிணற்றடிச் சீமெந்தில் உரஞ்சுவோமே, அது மிகவும் கரடு, அதில் எல்லோருடைய காலும் படுகிறது. தடித்த தோல் முழுவதையும் ஒரே நாளில் எடுக்கப் பார்க்காதீர்கள். வாரத்தில் இரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

கால் நகத்தை நேராக வெட்டுங்கள். மூலைகளை வளைத்து உள்ளே வெட்டினால் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் பிடிக்கும். நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலைப் பார்லர்களில் வெட்டுவார்கள். நீங்கள் வெட்ட வேண்டாம். அது நகத்துக்கும் விரலுக்கும் இடையில் கிருமி போகாமல் அடைத்து வைத்திருக்கும் தோல். குளித்த பின் துவாய் நுனியால் மெல்லப் பின்னே தள்ளினால் போதும். நகச்சுற்று வந்தவர்களுக்கு அந்த நோவு தெரியும்.

பிறகு நன்றாகத் துடைக்க வேண்டும், விரல் இடுக்குகளை முக்கியமாக. சேற்றுப்புண் அங்கேதான் தொடங்குகிறது. எண்ணெயோ வஸ்லினோ குதிக்காலிலும் மேற்பாதத்திலும் பூசுங்கள், இடுக்கில் பூசாதீர்கள். இரவில் பழைய பருத்திக் காலுறை போட்டுப் படுத்தால் வெடிப்பு விரைவில் மூடும்.

கைகளுக்கும் இதே முறைதான். சலவைத்தூளில் ஊறும் கைகளாதலால் ஒவ்வொரு தரமும் உடுப்புத் தோய்த்த பின் இரண்டு சொட்டு எண்ணெய் தடவுங்கள்.

கியூட்டெக்ஸ் பூச ஆசையென்றால் மெல்லியதாக இரண்டு தரம் பூசலாம். நகம் மஞ்சளாகவோ தடித்தோ இருந்தால் அதை நிறத்தால் மறைக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். பூச்சும் அதை அழிக்கும் திரவமும் சட்டெனத் தீப்பற்றும். குப்பி விளக்கு, அடுப்பு, நுளம்புத்திரி எதற்கும் பக்கத்தில் வைத்துத் திறக்காதீர்கள்.

கால் உரஞ்சிய கையோடு வயலில் இறங்க வேண்டாம். வெடிப்பிலும் கீறலிலும் எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போகும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சலால் உயிரிழப்புகள் ஏற்பட்டன. வயல் வேலை செய்பவர்கள் விதைப்புக் காலத்துக்கு முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்புக் குளிசை பற்றிக் கேளுங்கள்.

தவறி வெட்டுப்பட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். கோப்பித்தூள், மஞ்சள் தூள் எதையும் அதில் வைக்காதீர்கள். துருப்பிடித்த தகடு வெட்டினால் ஏற்பு ஊசிக்காக அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சிவந்து சூடாகி, வீக்கம் மேலே ஏறினாலோ காய்ச்சல் வந்தாலோ அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காதீர்கள். நீரிழிவுள்ளவர்கள் சின்னக் காயத்துக்கும் போய்க் காட்டுங்கள், நோகாவிட்டாலும்.