இஸ்திரி வண்டி நின்ற இடத்தில் இப்போது கேமரா

பொங்கல் விடுமுறை நெருங்கினால் போதும், 'ஊருக்குப் போறீங்களா? வீடு பத்திரம்!' என்று ஒரு கட்டுரை எல்லாப் பத்திரிகையிலும் வந்துவிடும். இந்த முறை அந்த வேலை என்னிடம் வந்திருக்கிறது. தாழ்ப்பாள், அலாரம், கேமரா என்று வரிசையாக எழுதி முடித்துவிடலாம்தான். ஆனால், சென்னைப் புறநகரில் நாலு தெரு நடந்தால் கண்ணில் படுவது வேறு. காவலுக்கென்று காசு கொடுத்து வாங்கிய சாமான் கம்பத்துக்குக் கம்பம் தொங்குகிறது. காசு வாங்காமல் காவல் காத்தவர்களைத்தான் காணோம்.

பூட்டிய வீட்டைக் கண்டுபிடிக்கத் திருடனுக்குப் பெரிய மூளையெல்லாம் வேண்டாம். மார்கழியில் தெருவே கோலமாகக் கிடக்கும்போது ஒரு வாசல் மட்டும் வெறிச்சென்று இருந்தால் தெருமுனையிலிருந்தே தெரியும். கேட்டில் செருகிய டியூஷன் சென்டர் நோட்டீஸ் மூன்று நாளாக அப்படியே இருக்கும். பால் பாக்கெட் பை கம்பியில் காலியாகத் தொங்கும். போர்ட்டிகோ விளக்கு பட்டப்பகலில் எரியும். வீட்டில் ஆள் இருப்பதுபோல் காட்டத்தான் அதைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். ஆள் இல்லை என்பதை அதுவே சொல்லிக்கொண்டிருக்கும். இத்தனைக்கும் மேல், திருச்செந்தூர் கடற்கரையில் குடும்பத்தோடு நின்று எடுத்த படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறியிருக்கும்.

சாவி விஷயத்தில் நம்மவர்களுக்குக் கற்பனை கம்மி. செருப்பு ஸ்டாண்டு, மின்சார மீட்டர் பெட்டி, துளசி மாடத்துப் பொந்து, பூந்தொட்டிக்கு அடியில் என்று நாலே இடம். பீரோ சாவி பீரோவின் தலையிலேயே இருக்கும். இல்லையென்றால் பக்கத்து அலமாரியில் புடவை மடிப்புக்குள். உள்ளே நுழைந்தவன் கடப்பாரையைப் பீரோவில் வைக்க வேண்டிய தேவையே பல வீடுகளில் வருவதில்லை.

ஒரு வீட்டைத் தேர்ந்தெடுக்கும் முன் வந்து பார்த்துவிட்டுப் போவதைப் போலீஸ் வட்டாரத்தில் 'நோட்டம்' என்பார்கள். வாடகைக்கு வீடு இருக்கிறதா என்று கேட்டு வருவது, பழைய பேப்பர் எடுப்பதுபோல் வருவது, பெட்ஷீட் விற்பது என்று அதற்குப் பல வேஷம். நோட்டம் விடுகிறவனுக்கு வேண்டியதெல்லாம், தன்னை யாரும் இரண்டாவது முறை திரும்பிப் பார்க்காத ஒரு தெரு. அப்படிப்பட்ட தெருவைத்தான் பத்துப் பதினைந்து வருடமாக நாம் பார்த்துப் பார்த்துக் கட்டிவருகிறோம்.

தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குக் கரி மூட்டினால் பொழுது சாயும்வரை அதே இடத்தில் நிற்பார். அவர் முகம் எப்போதும் தெருவைப் பார்த்தே இருக்கும். எந்த வீட்டுத் துணி மூட்டை இந்த வாரம் வரவில்லை, எந்த வீட்டுப் பிள்ளைக்கு இன்டர்வியூ, எந்த வீட்டில் மருமகள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள், எல்லாம் அவருக்கு அத்துப்படி. "என்ன சார், அம்மாவைக் காணோம், ஊருக்கா?" என்று கேட்கிற உரிமை அவருக்கு உண்டு. தெரியாத ஒருவர் ஒரே கேட்டை இரண்டு தடவை எட்டிப் பார்த்தால், "யாரு வேணும் தம்பி?" என்று ஒரு குரல் வரும். நோட்டம் அந்தக் குரலோடு முடிந்தது. வந்தவன் நிஜமாகவே வாடகை வீடு தேடுகிறவனாக இருந்தால், அவனுக்கு இரண்டு வீட்டு விலாசமும் கிடைக்கும்.

அவர் மட்டுமா? மாடிப்படிக்குக் கீழே தையல் மிஷின் போட்டிருந்தவர், பொட்டிக்கடை அண்ணாச்சி, சாயங்காலம் கூடையோடு உட்காரும் பூக்காரம்மா, விடியுமுன் பால் போடும் பையன், வண்டி நம்பர்களைப் பார்த்தவுடன் மனப்பாடம் செய்துவிடும் ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள். மாதம் பிறந்தால் சல்யூட்டோடு வந்து நிற்கும் கூர்க்கா இன்னொருவர். இருட்டில் தடியைத் தட்டி விசில் ஊதிப் போவதைக் கேலி பேசியிருக்கிறோம். விசில் சத்தம் கேட்டால் திருடன் உஷாராகிவிட மாட்டானா என்பது எழுபதுகளிலிருந்து ஓடும் ஜோக். ஆனால், இரவு முழுக்கத் தெருவில் நடந்த ஒரே மனிதர் அவர்தான்.

கடைக்காரர்களும் தெருவில் நிற்பவர்களும் தங்கள் பிழைப்பைப் பார்த்துக்கொண்டே தெருவையும் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை, நியூயார்க்கில் வாழ்ந்த ஜேன் ஜேக்கப்ஸ் 1961-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். நகரத் திட்டம் படிக்கிறவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். நம் ஊர் குடியிருப்போர் நலச் சங்கங்களில் அது எடுபடாது. கரிப்புகை, குப்பை, கார் திருப்ப இடைஞ்சல் என்று காரணம் சொல்லி வண்டியை அகற்றத் தீர்மானம் போடுவார்கள். அடுத்த கூட்டத்திலேயே பாதுகாப்பு குறைந்துவிட்டது என்று வசூல் நடக்கும். வண்டி நின்ற அதே இடத்தில் கம்பம் நட்டு நாலு கேமரா மாட்டுவார்கள்.

கேமராவே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்ற பெயரில் 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்று கிளம்பிய பிறகு, சங்கிலி பறித்தவர்களைத் துரத்திப் பிடிப்பது சுலபமாகியிருக்கிறது என்று காவலர்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால், கேமரா நடந்து முடிந்ததைக் காட்டுவது. "யாரு வேணும் தம்பி?" என்று அது கேட்காது. காட்டும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. பதிவுப் பெட்டியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவு தானாக அழிந்து புதியது ஏறும். பத்து நாள் ஊருக்குப் போய் வருகிறவருக்கு முதல் நாள் இரவின் பதிவு மிஞ்சியிருக்குமா என்பது டிஸ்க்கின் கொள்ளளவைப் பொறுத்தது. அந்தப் பெட்டியை டி.வி-க்குக் கீழே, வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி வைப்பது நம் வழக்கம். நகையோடு பதிவுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு, போகிறபோக்கில் மோப்ப நாய்க்காக மிளகாய்ப் பொடியையும் தூவிவிட்டுப் போனதாகச் செய்தி வருவது அதனால்தான்.

வாசல் செக்யூரிட்டிக்கு வருவோம். 2005-ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, காவலுக்கு வருபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும், பயிற்சி கொடுக்க வேண்டும். நாம் பார்ப்பது, பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கிற, ஓய்வுபெற வேண்டிய வயதுப் பெரியவரை. அவரே கேட் திறக்க வேண்டும், மோட்டார் போட வேண்டும், கூரியர் வாங்க வேண்டும், சங்கச் செயலாளரின் காரையும் துடைக்க வேண்டும். ஏஜென்சி ஆளை மாற்றிக்கொண்டே இருப்பதால், எது எந்த வீட்டுக்காரர் முகம் என்று அவருக்குப் பிடிபடும்போது வேறு ஆள் வந்துவிடுவார்.

செலவே இல்லாத ஒரு வழியை நம்மில் பலர் தொடுவதில்லை. ஊருக்குப் போகுமுன் உள்ளூர்க் காவல் நிலையத்தில் வீட்டு விலாசமும் போன் நம்பரும் கொடுத்துவிட்டுப் போகலாம். ரோந்து போகிறவர்கள் அந்த வாசலையும் எட்டிப் பார்ப்பார்கள். வங்கி, ஏ.டி.எம். வாசல்களில் தொங்கும் பட்டா (ரோந்துப் பதிவு) புத்தகத்தில் கையெழுத்துப் போடப் போகும் அதே காவலர்கள்தான். ஆனால், ஸ்டேஷன் படியேறுவது என்றால் நமக்கு ஏதோ கூச்சம். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகவும் இப்போதெல்லாம் அதே கூச்சம் வந்துவிட்டது. எங்கே போகிறோம், எதில் போகிறோம் என்று சொல்ல வேண்டிவருமே!

நகையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பவுன் 2025 ஏப்ரலில் 70,000 ரூபாயைத் தாண்டியது; அதே ஆண்டு அக்டோபரில் 90,000-ஐயும் தாண்டியது. கல்யாணத்துக்குப் போட்ட நகை வீட்டில் கிடப்பதற்கு இனி ஒரு நியாயமும் இல்லை, லாக்கர்தான். ஆனால், லாக்கரில் வைத்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். 2022 ஜனவரி முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டு, தீ விபத்து, ஊழியர் மோசடி போன்றவற்றில் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்குதான். வாடகை 3,000 ரூபாய் என்றால் ஈடு 3 லட்சம். அது எத்தனை பவுனுக்குக் காணும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வண்டித் திருட்டில் நம் ஊருக்கு பைக்தான் முதல் பலி. சைடு லாக் போட்டுவிட்டோம் என்ற நிம்மதி, பழக்கப்பட்டவனின் ஒரே மிதியில் போய்விடும். ரயில் நிலையத்துக்கு வெளியே, மருத்துவமனை வாசலில், கல்யாண மண்டபத்துக்கு எதிரே என்று, பல மணி நேரம் யாரும் திரும்பி வரமாட்டார்கள் என்று தெரிந்த இடங்களில் வண்டி போகும். டிஸ்க் பிரேக்கில் மாட்டும் ஒரு பூட்டு திருடனை அடுத்த வண்டிக்குத் தள்ளிவிடும். சாவியை நுழைக்காமல் பட்டனை அமுக்கிக் கிளப்பும் கார் என்றால், சாவியை வாசல் ஓரத்து ஆணியில் மாட்டாதீர்கள். அதன் சிக்னலைச் சுவருக்கு வெளியிலிருந்தே பிடித்து நீட்டிக் காரைத் திறக்கும் கருவிகள் இருக்கின்றன.

இங்கே பலர் ஏமாறுவது இன்ஷூரன்ஸில். 2018 செப்டம்பரிலிருந்து புது பைக்குக்கு ஐந்து வருடம், காருக்கு மூன்று வருடம் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். 'அஞ்சு வருஷத்துக்குப் போட்டாச்சு' என்று பாலிசியை மடித்துச் சீட்டுக்கு அடியில் வைத்துவிடுகிறோம். மூன்றாம் நபர் காப்பீடு, நம் வண்டி இடித்து மற்றவருக்கு ஏற்படும் சேதத்துக்கு. திருட்டுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. திருட்டைச் சேர்த்த பகுதி பெரும்பாலும் முதல் வருடத்தோடு முடிந்துவிடும், தனியாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்திருந்தாலும் எஃப்.ஐ.ஆர். நகல், வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் அறிக்கை, கம்பெனி கொடுத்த இரண்டு சாவிகள் எல்லாம் கேட்பார்கள். ஒரு சாவியைத் தொலைத்துவிட்டு டூப்ளிகேட் அடித்தவர்கள் பாடு திண்டாட்டம்.

இனி, என் மனசை உறுத்துவதற்கு வருகிறேன். தெருவில் கேட்க ஆள் இல்லாமல் போனதும் அந்த வேலையை வாட்ஸ்அப் குழு எடுத்துக்கொண்டது. 'நம்ம தெரு பாதுகாப்பு' என்று குழுவுக்குப் பெயர். பால்கனியிலிருந்தே ஒரு படம் எடுக்கப்படும். 'சந்தேகத்துக்கிடமான நபர், 11.20 மணி, மூன்றாவது குறுக்குத் தெரு, உஷார்!' கீழே பதினைந்து கைகூப்பல். படத்தில் இருப்பவர் தண்ணீர் கேன் போட வந்த புதுப்பையனாக இருப்பார், பிளாஸ்டிக் பொறுக்கும் பெண்ணாக இருப்பார், வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் ஒடிசாக் கட்டடத் தொழிலாளியாக இருப்பார். கீழே இறங்கிப் போய் "யாரு வேணும்?" என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். வெள்ளைச் சட்டை போட்டு கழுத்தில் ஐ.டி. கார்டு மாட்டியவரின் படம் இப்படி வந்து நான் பார்த்ததில்லை. நோட்டம் விடுகிறவனும் இதைக் கவனித்திருக்க மாட்டானா?

கொஞ்சம் அதிகம் பயப்படுகிறேன் என்று தோன்றினால், 2018 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். குலதெய்வக் கோயிலுக்குப் போகிற வழியில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் நிறுத்தி வழி கேட்ட ஒரு சென்னைக் குடும்பம், அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாகப் பல நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்தியை நம்பியிருந்த கூட்டம் அவர்களை அடித்தது. 65 வயதுப் பெண்மணி செத்தே போனார். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவரை அடித்துக் கொன்றார்கள். நாடு முழுக்க இப்படி நடந்த பிறகு அந்த ஜூலையில் வந்த செய்தியை ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டது. அன்று அடித்தவர்களும் தங்கள் ஊரைக் காவல் காப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சந்தேகத்தை ஏட்டில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதைத் தென்மாவட்டங்கள் முன்பே பார்த்திருக்கின்றன. மதுரையைச் சுற்றிய கிராமங்களில் காவல் என்பது ஒரு ஏற்பாடு. காவல்காரருக்கு விளைச்சலில் பங்கு உண்டு. மாடு களவு போனால் அவர்தான் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். அதை மிரட்டிப் பிடுங்குவது என்றே வெள்ளைக்காரர்களின் போலீஸ் பார்த்தது. மிரட்டலும் இருந்திருக்கலாம். ஆனால் அடுத்து வந்தது குற்றப் பரம்பரைச் சட்டம். 1871-இல் வடக்கே பிறந்து 1911-இல் சென்னை மாகாணத்துக்கு வந்தது. காவல் காத்த பிரமலைக் கள்ளர் உள்ளிட்ட சமூகங்களே பிறப்பால் திருடர்கள் என்று பதிவேட்டில் ஏறினார்கள். கைரேகை கொடுக்க வேண்டும், ராத்திரி தன் வீட்டில் படுக்கவும் அனுமதி வேண்டும். ரேகை கொடுக்க மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அந்தச் சட்டம் போனது.

இன்று அடுக்குமாடி வாசலில் வீட்டுவேலை செய்யும் பெண்ணின் ஆதார் நகல், புகைப்படம், வந்த நேரம், போன நேரம் எல்லாம் ஆப்பில் பதிவாகிறது. அதே வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு ஒரு புன்னகை போதும். திருட்டு போனால் முதல் கேள்வி யாரிடம் போகும் என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தெருவில் ஏதாவது வித்தியாசமாகக் கண்ணில் பட்டாலும் வாயைத் திறக்காமல் போகத்தான் அவள் கற்றுக்கொண்டிருப்பாள்.

எனவே இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பாலையும் பேப்பரையும் நிறுத்தச் சொல்லுங்கள். எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லி வாசலில் ஒரு கோலம் போடச் சொல்லுங்கள். பதிலுக்கு ஊரிலிருந்து பனங்கிழங்கு கொண்டுவந்து கொடுக்கலாம். யார் மீதாவது சந்தேகம் என்றால் 100-க்கோ 112-க்கோ அடியுங்கள், முகத்தைப் படம் பிடித்துக் குழுவில் போட வேண்டாம். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் கேமராவுக்கு வசூல் கேட்டால் கொடுங்கள், தப்பில்லை. கூடவே, இஸ்திரி வண்டிக்காரரை அதே தெருமுனைக்குத் திரும்பக் கூப்பிடலாமா என்பதையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். கரிப்புகைதான் பிரச்சினை என்றால் இப்போது கேஸில் ஓடும் இஸ்திரிப் பெட்டி வந்துவிட்டது.